சங்கம் யாருக்குச் சொந்தம்?

திருவண்ணாமலை மாவட்டத்துல கூட்டுறவுன்னா ஆரணி பட்டு நெசவாளர் சங்கங்களும், அனக்காவூர்ல இருக்கிற செய்யாறு கூட்டுறவு சர்க்கரை ஆலையும் ஞாபகம் வரும். சரி, நம்மூர் நிலக்கடலை விவசாயிங்க பத்து பேர் சேர்ந்து எண்ணெய் ஆட்டி விக்கணும்னு நினைச்சா? சங்கமா பதியறதா, கம்பெனியா பதியறதா? இதுக்குப் பதில் சொல்ல 120 வருஷம் பின்னாடி போகணும். வாங்க, போயிட்டு வருவோம்.

விவசாயிங்க வட்டிக்கடன்ல சிக்கித் தவிக்கிறதுக்கு வழி தேட, மதராஸ் அரசாங்கம் ஃப்ரெடெரிக் நிக்கல்சன்ங்கிற அதிகாரியை நியமிச்சது. 1895லயும் 1897லயும் அவர் அறிக்கை கொடுத்தார். ஜெர்மனியில ரைஃபைசன் ஆரம்பிச்ச கிராமக் கடன் சங்கம் மாதிரி இங்கேயும் வேணும்கிறதுதான் சாரம். 1904ல சட்டம் வந்தது. ஒரே ஊர்க்காரங்க பத்து பேர் இருந்தா போதும். அந்த வருஷமே திருவள்ளூர் பக்கம் திரூர்லயும், காஞ்சிபுரத்துலயும் சங்கம் பதிவாச்சு.

ஆனா அது கடன் சங்கத்துக்கான சட்டம் மட்டும்தான். அதே 1904ல திருவல்லிக்கேணியில 14 பேர் சேர்ந்து ஒரு பண்டகசாலை ஆரம்பிச்சாங்க. நம்ம டியுசிஎஸ்தான் அது. கடை நடத்துற சங்கத்துக்குன்னு சட்டத்துல இடமே இல்லை! 1912ல புதுச் சட்டம் வந்த பிறகுதான் கடை, நெசவு, உற்பத்தின்னு எல்லாத்துக்கும் கதவு திறந்தது. ஜனங்க முன்னாடி போனாங்க, சட்டம் பின்னாடி ஓடி வந்தது.

அப்புறம் நடந்தது தலைகீழ். 1976ல தமிழ்நாட்டுச் சங்கங்கள்ல தேர்ந்தெடுத்த நிர்வாகக் குழுக்களை எடுத்துட்டுத் தனி அலுவலர்களைப் போட்டாங்க. மறுபடி தேர்தல் நடந்தது 1996லதான். இருபது வருஷம்! பங்கு உறுப்பினர் பேர்ல, சாவி அதிகாரி கையில.

2011ல நிறைவேறின 97வது அரசியல் சட்டத் திருத்தம், கூட்டுறவுச் சங்கம் அமைக்கிறதை அடிப்படை உரிமை ஆக்குச்சு. நிர்வாகம், தேர்தல் பத்தி அதுல இருந்த விதிகள் மட்டும், மாநிலங்களோட ஒப்புதல் வாங்காததால மாநிலச் சங்கங்களுக்குச் செல்லாதுன்னு 2021ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. ஆக, உரிமை நிக்குது. நடைமுறைக்கு மாநிலத்தோட 1983ஆம் வருஷச் சட்டம்தான்.

இன்னொரு வழி, 2002ல வந்த உற்பத்தியாளர் கம்பெனி. பத்து உற்பத்தியாளர்கள் போதும். யார்கிட்ட எவ்வளவு பங்கு இருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு. கூட்டுறவுப் பதிவாளர் உள்ளே வர மாட்டார். ஆனா தணிக்கை, வருஷா வருஷம் கணக்குத் தாக்கல் எல்லாம் தவறாம நடக்கணும், விட்டா அபராதம்.

அதனால வக்கீலைப் பார்க்கப் போறவங்க "பதிவுக்கு எவ்வளவு செலவாகும்"னு மட்டும் கேட்டுட்டு வந்துடாதீங்க. மூணு கேள்வி கேளுங்க: ஓட்டு யாருக்கு? நிர்வாகக் குழுவைக் கலைக்கிற அதிகாரம் யார்கிட்ட? நாளைக்கு மூடினா சொத்து யாருக்குப் போகும்? சங்கம் யாருக்குச் சொந்தம்னு பெயர்ப்பலகை சொல்லாது, இந்த மூணு பதில்தான் சொல்லும்.

உங்க ஊர்ச் சங்கத்தோட கதை தெரிஞ்சா பின்னூட்டத்துல எழுதுங்க மக்களே.