ஆயிரம் அடி இடைவெளி

2017 ஜனவரி 28 அதிகாலையில், எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. ஒன்று துறைமுகத்தை விட்டு வெளியேறிய எரிவாயுக் கப்பல். மற்றொன்று உள்ளே வந்த எண்ணெய்க் கப்பல். கசிந்த எண்ணெய் எர்ணாவூர், திருவொற்றியூர் கரைகளில் படிந்ததும், அதை வாளிகளால் அள்ளியதும் வடசென்னை வாசகர்களுக்கு நினைவிருக்கும்.

கடற்பரப்பில் ஒரு கப்பலின்மேல் மற்றொன்று போக முடியாது. விமானத்துக்கோ உயரம் என்ற மூன்றாவது பரிமாணமும் உண்டே, அவை எப்படி மோதும் என்று நீங்கள் கேட்கலாம். 1996 நவம்பர் 12 மாலை, அரியானாவில் சர்க்கி தாத்ரிக்கு மேலே அதுதான் நடந்தது.

அக்காலத்தில் டில்லிக்கு வரும் விமானங்களுக்கும் அங்கிருந்து புறப்படுபவற்றுக்கும் ஒரே வான்பாதைதான். புறப்பட்ட சவுதி விமானம் 14,000 அடியிலும், இறங்கி வந்த கசாக்ஸ்தான் விமானம் 15,000 அடியிலும் இருக்கும்படி கட்டுப்பாட்டு அதிகாரி கட்டளையிட்டார். எதிரே 14,000 அடியில் ஒரு விமானம் வருவதாகவும் கசாக் விமானத்துக்கு அறிவித்தார். ஆனால் கசாக் விமானம் 15,000 அடியில் நிற்கவில்லை. இரண்டும் மோதின; 312 பேரும் 37 பேருமாக, இரு விமானங்களிலும் இருந்த 349 பேரும் மாண்டனர்.

நீதிபதி லகோத்தி தலைமையில் விசாரணை நடந்தது. அனுமதியின்றிக் கீழே இறங்கியதே விபத்துக்கு மூலகாரணம் என்று அது முடிவு செய்தது. கசாக் விமானக் குழுவினருக்கு ஆங்கில அறிவு போதாததால் கட்டளையைத் தவறாகப் பொருள்கொண்டதையும் சுட்டிக்காட்டியது. வானொலியில் பேசியவர் ஒருவர், விமானத்தை ஓட்டியவர் வேறொருவர். பேசியவருக்கு எதிரே உயரமானி இல்லை! எதிரே வருவதன் உயரமாகச் சொல்லப்பட்ட எண்ணைத் தமக்கிட்ட கட்டளையாக அவர்கள் கொண்டிருக்கலாம் என்று கருதவும் இடமுண்டு.

தரையில் இருந்தவருக்கு இது ஏன் தெரியவில்லை? அன்று டில்லியில் பயன்பட்டது முதல்நிலை ராடார். அது அனுப்பும் அலை விமானத்தில் பட்டுத் திரும்பும்போது தூரமும் திசையும் தெரியும், உயரம் தெரியாது. ஆகவே உயரத்தை அறிய விமானத்திலிருந்து வரும் குரலையே நம்ப வேண்டியிருந்தது. இரண்டாம் நிலை ராடார் அப்படியன்று. அது கேள்வி கேட்கும். விமானத்திலுள்ள கருவி தன் உயரத்தைத் தானே விடையாக அனுப்பும்.

1977-இல் தெனெரீஃப் தீவில் இரு விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தபின், வானொலிச் சொற்கள் சீராக்கப்பட்டன. வெறும் 'சரி' போதாது, கட்டளையைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது வற்புறுத்தப்பட்டது. ஆனால் திருப்பிச் சொன்ன எண்ணிலேயே விமானம் நிற்கிறதா என்பதைச் சொல்லால் அளக்க முடியாது அல்லவா?

சர்க்கி தாத்ரிக்குப் பின், இந்தியாவில் மோதல் தவிர்ப்புக் கருவி கட்டாயமாயிற்று. நெருங்கும் இரு விமானங்களின் கருவிகளும் தமக்குள் செய்தி பரிமாறி, ஒன்றை ஏறவும் மற்றொன்றை இறங்கவும் சொல்லும். கட்டுப்பாட்டு அதிகாரியின் சொல்லும் கருவியின் சொல்லும் மாறுபட்டால், விமானி கருவிக்கே பணிய வேண்டும் என்பது இன்றைய விதி.