கடல்வழிப் பொழுதும் தமிழ்க் கல்வியும்

கண்டிக்குத் தென்கிழக்கே மலைகள் சூழ அமைந்த ஹேவாஹெட்டப் பகுதிக்கும் கடலுக்கும் தொடர்பு யாது என வினவலாம். அப்பகுதியின் காடழித்துத் தோட்டம் கண்ட துரைமாரும் தொழிலாளரும் கடல் கடந்து வந்தோரே. எனினும், பயணப் பொழுது அவ்விரு சாரார்க்கும் ஒரு தன்மைத்தாய் இருந்ததில்லை.

ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் டெயிலர் 1851 ஒக்டோபரில் இலண்டனிலிருந்து புறப்பட்டபோது அவருக்கு வயது 16. கொழும்பை அடைந்தது 1852 பெப்ரவரியிலாகும். சுயஸ் கால்வாய் 1869இலேயே திறக்கப்பட்டமையால், அக்காலப் பாய்க்கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றியே வந்தன. பூமத்திய ரேகைக்கு அணித்தே காற்று ஓய்ந்துவிடின் கப்பல் நாட்கணக்கில் அசையாது கிடக்கும். இத்தகைய பயணங்களில் நூல் வாசித்தல், சதுரங்கமாடல், ஊருக்குக் கடிதம் எழுதுதல், ரேகையைக் கடக்கும் நாளில் வேடம் புனைந்து கூத்தாடல் என்பன பொழுதுபோக்குகளாயின. பயணிகளுக்கு ஓய்வே ஒரு சுமையாயிற்று. பின்னர் ஹேவாஹெட்டப் பகுதியின் லூல்கந்துரைத் தோட்டத்தில், 1867ஆம் ஆண்டில், 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டவர் இவ்விளைஞரே.

தொழிலாளர்க்கோ கடல் சிறிது, நடை பெரிது. தமிழ்நாட்டுக் கரையிலிருந்து தோணியேறி மன்னார்ப் பக்கத்தில் இறங்கியோர், வன்னிக் காடுகளினூடே மாத்தளை வழியாகக் கண்டிச் சீமைக்கு நடந்தனர். பசியாலும் கொள்ளை நோயாலும் வழியிலேயே மாண்டோர் பலர். டெயிலர் எழுதிய கடிதங்கள் ஸ்கொட்லாந்தின் தேசிய நூலகத்தில் பேணப்படுகின்றன. எழுத்தறிவு வாய்க்காத தொழிலாளரின் துயரமோ நாட்டுப் பாடல்களில் மட்டுமே எஞ்சியது.

இவ்விரு சாராரையும் தோட்டத்தில் இணைத்த மொழி தமிழ். ஆனால், அஃது எத்தகைய தமிழ்? சின்னத்துரைமார்க்கெனக் கொழும்பில் வெளிவந்த தமிழ்க் கைந்நூல் ஒன்றின் பெயரே 'இங்கே வா' என்பதாகும். வேலை வாங்குதற்குரிய ஏவல் மொழியாகவே தமிழ் அவர்க்குப் பயன்பட்டது என்பதற்கு இப்பெயரே சான்று.

கடல்வழிப் பொழுதில் வேறொரு நோக்குடன் தமிழ் பயில முயன்றவர் காந்தியடிகள். 1896ஆம் ஆண்டில் தென்னாபிரிக்காவிலிருந்து 'பொங்கோலா' என்னும் கப்பலிற் கல்கத்தாவுக்குச் சென்றபோது, நாள்தோறும் ஒரு மணி நேரம் சதுரங்கமாடினார். எஞ்சிய பொழுதில் மொழி பயின்றார். கப்பல் மருத்துவர் அளித்த தமிழ்ப் போதினியே அவர்க்கு ஆசான். நேட்டாலில் வாழ்ந்த சென்னை மாகாணத்து மக்களுடன் நெருங்கிப் பழகவேண்டும் என்பதே அவர் கருத்து. பின்னர்த் தென்னாபிரிக்கச் சிறைகளிலும் இப்பயிற்சியைத் தொடர்ந்தார். ஆயினும், தமிழ் பேசத் தாம் ஒருபோதும் கற்றுக்கொள்ளவில்லை எனத் தம் வாழ்க்கை வரலாற்றில் ஒளியாது கூறியுள்ளார். 1909 நவம்பரில், இலண்டனிலிருந்து தென்னாபிரிக்காவுக்கு மீளும் கப்பலில், பத்தே நாட்களில் 'இந்திய சுயராச்சியம்' என்னும் நூலை எழுதி முடித்தார். வலக்கை சோர்ந்தபோது இடக்கையாலும் எழுதினார் என்பர். 1927ஆம் ஆண்டு நவம்பரில் அவர் கண்டிக்கும் வந்தார்.

காந்தியடிகளின் தமிழ்ப் பயிற்சி முற்றுப்பெறவில்லை. ஆயினும், ஏவுதற்கன்றி நெருங்குதற்காகவே ஒரு மொழியைக் கற்க முயன்ற அம்முயற்சி சிறிதன்று. ஓய்வு பெற்றோர் சிலர். அவ்வோய்வைப் பிறர் பொருட்டுப் பயன்படுத்தியோர் மிகச் சிலர். ஒருவர் கழித்த பொழுதின் பெறுமதியை, அதனால் யாரை அவர் அணுகினார் என்பது கொண்டே வரலாறு அளவிடும்.