கொல்லாத ஆயுதமும் மூடிய வாயிலும்

உயிரைப் போக்காமல் கூட்டத்தை மட்டும் கலைக்கும் கருவி என்று கண்ணீர்ப் புகைக்குப் பெயர். 1928ஆம் ஆண்டில் கார்சன், ஸ்டோட்டன் என்னும் இரு அமெரிக்க வேதியியலார் ஆக்கிய ‘ஸி.எஸ்.’ என்னும் பொருளே இன்று பெரிதும் கையாளப்படுகிறது. (புகை என்கிறோமே தவிர, உண்மையில் அது நுண்ணிய தூள்.) திறந்த வெளியில், நலமுள்ள மனிதரிடத்தில், அதன் எரிச்சல் பெரும்பாலும் சிறிது நேரத்தில் தணிந்து விடும். அக்கணக்கில் சேராத ஒன்று உண்டு, அதுவே அச்சம்.

அச்சம் உடலை என்ன செய்கிறது என்பதை ஹார்வர்டு பல்கலைக்கழக உடலியல் அறிஞர் வால்ட்டர் கேனன் 1915இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். அட்ரினலின் சுரக்கிறது, இதயம் விரைகிறது, மூச்சு மிகுகிறது. எதிர்த்து நில், அன்றேல் ஓடு என்கிறது உடல். மூச்சு மிகுந்தால் உட்செல்லும் தூளும் மிகும். கண் எரிந்து மூடிக்கொள்ள, மனிதன் தான் அறிந்த வழியை, அதாவது வந்த வாயிலையே நாடுகிறான்.

1964 மே 24 அன்று பெரு நாட்டின் லீமா நகரில் அதுவே நிகழ்ந்தது. அர்ஜெண்டீனாவுடன் நடந்த கால்பந்துப் போட்டியில் நடுவர் ஒரு கோலை மறுக்கவே, குழப்பம் மூண்டது. காவலர் பார்வையாளர் பகுதியில் புகைக்குண்டுகளை எறிந்தனர். மக்கள் படிக்கட்டுகளில் இறங்கி ஓடினர். கீழே இரும்புக் கதவுகள் மூடியிருந்தன. அரசுக் கணக்கின்படி 328 பேர் மாண்டனர். 2001 மே 9இல் கானாவின் அக்ராவிலும் இதே கதைதான். 120க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

கூட்டம் வெறிகொண்டு தன்னைத் தானே மிதித்துக் கொன்றது என எழுதுவது எளிது. நாம் அதை ஏற்பதற்கில்லை. பின்னால் நிற்பவருக்கு முன்னே கதவு அடைத்திருப்பது தெரியாது. அவர் முதுகுக்குப் பின்னால் புகையோ நெருங்கி வருகிறது. அவர் ஓடுவது அறிவின்மையன்று. முன்னால் நெருக்குண்டவரோ, நெஞ்சு விரிய இடமின்றி, நின்ற நிலையிலேயே மூச்சடைத்துப் போகிறார்.

இந்தோனேசியாவின் மாலாங் நகரில், 2022 அக்டோபர் 1 இரவு, மீலாதுக்கு ஒரு வாரமே இருந்த வேளை. கஞ்சுருஹான் அரங்கில் அரேமா அணி தோற்றதும் சிலர் திடலில் இறங்கினர். காவலர் அவர்கள் மீது மட்டுமன்றி, இருக்கைகளில் இருந்தோர் மீதும் புகைக்குண்டு வீசினர். அரங்குகளில் இதனைப் பயன்படுத்தலாகாது என ஃபிஃபா விதி முன்னரே இருந்தது. 13ஆம் வாயிலருகே பலர் சிக்கினர். 135 ஜனாஸாக்கள், அவற்றுள் சிறுவர்களுடையவையும் இருந்தன.

போரில் இப்புகையைக் கையாளுவதை 1993ஆம் ஆண்டின் வேதியியல் ஆயுத ஒப்பந்தம் தடுக்கிறது. உள்நாட்டுக் காவல் பணிக்கோ இடமளிக்கிறது. வழக்கை விசாரித்த சுராபாயா நீதிமன்றம் 2023 மார்ச்சில் காவல் அதிகாரிகள் இருவரை விடுவித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றி, அவ்விருவருக்கும் சிறைத் தண்டனை விதித்தது.