பிறமொழியில் பெற்ற பாடம்

அந்நாளைய தென்னார்க்காடு மாவட்டத்தில், முந்திரியும் கம்பும் விளைந்த செம்மண் நிலத்தின் அடியில் பழுப்பு நிலக்கரி புதைந்து கிடந்தது. அதனை வெளிக்கொணர 1956-ஆம் ஆண்டில் நெய்வேலியில் ஒரு நிறுவனம் அமைந்தது. 1961-ல் கரிப்படுகை கண்ணுக்குத் தெரிந்தது. 1962-ல் மின்சாரம் பிறந்தது. மண் வாரும் பெருஞ்சக்கர எந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. 600 மெகாவாட் அளவுக்கு வளர்ந்து 2020-ல் ஓய்வு பெற்ற முதல் அனல் மின் நிலையமோ, சோவியத் நாட்டின் துணையால் எழுந்தது. பிறமொழியாளர் கொண்டுவந்த நுட்பத்தைத் தமிழ் பேசும் கரங்கள் கற்றுக்கொண்ட ஊர் இது.

இவ்வூரில் மாலை நேர மதரஸாவுக்கு வந்த ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், 'அழுத்தம்' என்பதன் இலக்கணத்தை ஆங்கிலத்தில் பிழையின்றி ஒப்பித்தான். "உன் அத்தா வேலை செய்யும் சுரங்கத்தில் இரவு பகலாக நீர் இறைக்கிறார்களே, ஏன்?" என்று கேட்டேன். "தெரியாது ஹஜ்ரத்" என்றான். மறுநாள் அவன் தந்தையார் நல்ல தமிழில் விளக்கினார். கரிக்குக் கீழே மணலில் நீர் நெருக்குண்டு நிற்கிறது. மேலிருக்கும் மண்பாரத்தை அகற்றினால், அது தரையைப் பிளந்துகொண்டு பீறிடும். ஆகவே முன்னதாகவே இறைத்து அதன் நெருக்கத்தைத் தணிக்கிறார்கள். மகன் படித்ததும் தந்தை செய்ததும் ஒரே பாடந்தான். ஆனால் ஒரே வீட்டில் அவ்விரண்டும் சந்திக்கவில்லை.

பிறமொழி கற்பது குற்றமா? அன்று. யூதர்களின் எழுத்தைக் கற்குமாறு ஸைதிப்னு ஸாபித் (ரலி) அவர்களுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததும், அவர் அரைத் திங்களுக்குள் அதில் தேர்ந்ததும் நாம் அறிந்தவையே. கற்றது எதற்காக? வந்த மடல்களைப் படித்துத் தம் சமூகத்துக்கு எடுத்துரைப்பதற்காக.

அப்பாஸியர் காலத்துப் பக்தாதில் இம்முறை பெருகி வளர்ந்தது. ஹுனைன் இப்னு இஸ்ஹாக் (809–873) ஹீராவில் பிறந்த கிறிஸ்தவர். மருத்துவம் கற்க விழைந்தவர், அதற்காகவே கிரேக்க மொழியில் ஆழ்ந்தார். காலன் என்னும் கிரேக்க மருத்துவரின் நூல்களைப் பல பிரதிகளோடு ஒப்புநோக்கி ஸுர்யானி மொழியிலும் அரபியிலும் பெயர்த்தார். இளமையில் தாம் செய்த பெயர்ப்புகளையே பின்னர் திருத்தினார். சொல்லுக்குச் சொல் அடுக்காமல் கருத்தைப் பிடித்துச் சொன்னார். அத்தோடு அமையாமல், மாணவர் எளிதில் கற்க வினா விடையாக ஒரு மருத்துவ நூலும் இயற்றினார்.

பிறகு காலம் திரும்பியது. இத்தாலியிலிருந்து ஜெரார்டு என்பவர் ஸ்பெயினின் துலைத்துலா நகருக்கு வந்தார். தாலமியின் வானநூலைத் தேடி வந்தவருக்கு அரபிதான் அயல்மொழி. அதனைக் கற்று, 1187-ல் மறையும் முன் எழுபதுக்கு மேற்பட்ட நூல்களை லத்தீனில் தந்தார். இன்று நம் பிள்ளைகள் ஆங்கிலச் சொல் என்றே படிக்கும் 'அல்ஜிப்ரா', 'அல்கலி' ஆகியவை அரபிச் சொற்களே.

நமது காலத்திலும் இப்பயணம் உண்டு. 1960-ல் மாஸ்கோவில் தோன்றிய மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகத்துக்கு ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா ஆகிய கண்டங்களின் மாணவர்கள் சென்றனர். சென்றவுடன் பட்டப்படிப்பு தொடங்கவில்லை. முதலில் ஓராண்டு ஆயத்த வகுப்பு. அங்கே ரஷ்ய மொழியோடு, அம்மொழியிலேயே கணிதம், பௌதிகம், இரசாயனம் ஆகியவற்றின் சொற்களும் பழக்கப்பட்டன. மொழி அறியாதவன்மேல் பாடத்தைச் சுமத்தலாகாது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். நம் ஊர்களிலோ, நேற்றுவரை தமிழில் படித்த பிள்ளைக்கு அந்த ஆயத்த ஆண்டை அளிப்பவர் யார்?

யாழ்ப்பாணத்து வரலாறு இன்னும் நெருக்கமானது. 1847-ல் அங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் முதலில் ஆங்கிலத்தில் மருத்துவம் கற்பித்தார். ஆங்கிலம் கற்றவர் உத்தியோகம் தேடி வெளியேறினர். கிராமத்து நோயாளிக்கு மருத்துவர் இல்லை. ஆகவே 1860-களில் தமிழிலேயே கற்பிக்கலானார். தாமே தமிழ் கற்று, மாணவர் துணையோடு நூல்களை ஆக்கினார். 'இரணவைத்தியம்' 1867-லும் 'கெமிஸ்தம்' 1875-லும் வெளிவந்தன. 'கெமிஸ்தம்' என்ற பெயரே ஒரு பாடம்: சொல் கிடைக்கவில்லை என்று அவர் வேலையை நிறுத்தவில்லை. அயலார் ஒருவர் நம் மொழியில் செய்துகாட்டிய பின், நம்மால் இயலாது என்று கூறுவது நாணத்தக்கது.

மதரஸாவில் நாங்கள் கற்ற முறை பழையதுதான். உஸ்தாது அரபி வாசகத்தை ஓதுவார். சொல் சொல்லாகத் தமிழில் பொருள் சொல்வார். பின்னர் கருத்தை விரிப்பார். மறுநாள் அதனை நாங்கள் தமிழில் சொல்லியாக வேண்டும். சொல்ல இயலாதவன் ஓதவில்லை என்றே கொள்ளப்படும். அரபி குறையவும் இல்லை. தமிழ் தடையாகவும் இல்லை.

அதையே வீட்டில் செய்யலாம். பிள்ளை ஆங்கிலத்திலேயே படிக்கட்டும். ஆனால் இரவு உணவின்போது அன்றைய பாடம் ஒன்றைத் தாயிடம் தமிழில் சொல்லட்டும். தாய் ஆங்கிலம் அறியாதவராயின் மிகவும் நல்லது. புரியாவிட்டால் அவர் மீண்டும் கேட்பார். அந்த மாணவனுக்கு நான் இட்ட வேலையும் அதுவே. நாலைந்து நாள் திணறினான். ஒரு மாலை, பானையும் மணலும் எடுத்து வைத்து, சுரங்கத்து நீரின் கதையைச் சிறு பிள்ளைகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தான். அன்றுதான் அந்தப் பாடம் அவனுடையதாயிற்று.