தரைக்குள் ஓடும் வெந்நீர்க் குழாய்: மும்பை வீட்டுக்கு இது தேவையா?

டொரன்டோவிலோ லண்டனிலோ உறவினர் வீட்டுக்குப் போய் வந்தவர்களில் சிலர் இதைக் கவனித்திருக்கலாம். வெளியே பனி கொட்டும், ஆனால் வெறுங்காலில் நடந்தால் தரை வெதுவெதுப்பாக இருக்கும். மாட்டுங்காவிலோ செம்பூரிலோ பழைய வீட்டைப் புதுப்பிக்கிறீர்கள், அல்லது தாராவி மறுசீரமைப்பில் புது வீட்டுக்குக் காத்திருக்கிறீர்கள் என்றால், 'நம்ம வீட்டிலும் போடலாமா?' என்று கேட்கத் தோன்றும்.

எப்படி வேலை செய்கிறது?

வெப்பம் கீழே இறங்காமல் இருக்க முதலில் தெர்மோகோல் போன்ற பலகையைப் பரப்புவார்கள். அதன் மேல் பிளாஸ்டிக் குழாயை வளைத்து வளைத்துப் பதித்து, சிமென்ட் கலவையால் மூடி, டைல்ஸ் ஒட்டுவார்கள். குழாயில் ஓடும் நீர் 35 முதல் 45 டிகிரி செல்சியஸ் இருந்தாலே போதும். வசிக்கும் அறைகளில் தரையின் சூடு 29 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பிய விதி.

தரையைச் சூடாக்குவது நமக்குப் புதிதல்ல. காஷ்மீரின் 'ஹமாம்' அறைகளில் கல் தரைக்கு அடியில் விறகு எரிப்பார்கள். கொரியாவின் 'ஒண்டோல்' முறையும் இதுபோலத்தான்.

மும்பைக்கு ஏன் பொருந்தாது?

முதல் காரணம், குளிரே இல்லை. சாந்தாகுரூஸில் 1962 ஜனவரி 22 அன்று 7.4 டிகிரி பதிவானது அரிய நிகழ்வு. வழக்கமான குளிர்காலக் காலைக் குளிர் பத்து மணிக்குள் போய்விடும். கனமான சிமென்ட் தரை சூடாகவே சில மணி நேரம் ஆகும்.

இரண்டாவது, பாரம். 5 சென்டிமீட்டர் சிமென்ட் கலவை சதுர மீட்டருக்குச் சுமார் 100 கிலோ. 350 சதுர அடி வீட்டுக்கு 3 டன்னுக்கு மேல். ஆட்கள், சாமான்கள் எல்லாம் சேர்த்து சதுர மீட்டருக்கு 200 கிலோ என்ற கணக்கில்தான் பொதுவாக வீட்டுத் தளங்களைக் கட்டுகிறார்கள். அதில் பாதியைக் குழாய்த் தரையே எடுத்துக்கொள்ளும். பழைய கட்டடத்தில் இது விளையாட்டல்ல. கட்டமைப்புப் பொறியாளரைக் கேட்காமல் தரையின் கனத்தைக் கூட்டாதீர்கள்.

குளிர்ந்த நீர் விட்டால்?

நல்ல கேள்வி. ஹைதராபாத்தில் இன்ஃபோசிஸ் ஒரு கட்டடத்தின் ஒரு பாதியை வழக்கமான ஏசியாலும், மறு பாதியைக் கான்கிரீட் தளத்துக்குள் ஓடும் குளிர்ந்த நீராலும் குளிர்வித்துப் பார்த்தது. நீரால் குளிர்ந்த பாதிக்குச் சுமார் மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் குறைவாகச் செலவானது. ஆனால் அங்கே காற்றின் ஈரத்தை நீக்கத் தனி இயந்திரம் உண்டு.

மும்பை மழைக்காலத்தில் 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் இருக்கும்போது, 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பும் வியர்க்கும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் மாதிரி உங்கள் தரை நனையும். வழுக்கும், பூஞ்சையும் பிடிக்கும்.

பிறகு என்ன செய்யலாம்?

தகரக் கூரையிலும் மேல்மாடியிலும் வெப்பம் தலைக்கு மேலிருந்து இறங்குகிறது. எனவே கூரைக்கு வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு, உள்ளே ஃபால்ஸ் சீலிங், மேற்கு ஜன்னலுக்கு வெளியே நிழல் மறைப்பு. பணத்தை முதலில் இவற்றில் போடுங்கள்.

ஊட்டியிலோ கொடைக்கானலிலோ வீடு கட்டினால் கதை வேறு. அங்கே வெந்நீர்த் தரை பயன்படும். ஆனால் டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே முடிவெடுங்கள். சிமென்ட் போட்டு மூடும் முன் குழாயில் அழுத்தம் ஏற்றி, கசிவு இருக்கிறதா என்று உங்கள் கண் முன்னே சோதிக்கச் சொல்லுங்கள். பிறகு கசிந்தால் தரையை உடைத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.