டிராஸ்டுசுமாப்

டிராஸ்டுசுமாப் என்பது சில மார்பகப் புற்றணுக்களின் மேற்பரப்பில் அளவுக்கு மீறிப் பெருகும் ஹெர்2 என்ற ஏற்பியை, அதாவது வளர்ச்சிச் சமிக்ஞையைச் செல்லுக்குள் கடத்தும் புரதத்தை, குறிவைத்துப் பற்றும் எதிர்ப்பொருள் மருந்தாகும். ஹெர்செப்டின் இதன் முதல் வணிகப் பெயர். இத்தகைய மருந்துக்கு அடிப்படையான, ஒரே தன்மையுள்ள எதிர்ப்பொருளை வேண்டிய அளவு உண்டாக்கும் முறையை ஆய்வாளர்கள் கோலரும் மில்ஸ்டைனும் 1975இல் வகுத்திருந்தனர்.

ராபர்ட் வைன்பெர்க் குழுவினர் எலிகளின் நரம்புக் கட்டிச் செல்களில் கண்ட நியூ மரபணுவின் மனித இணையை, அதாவது ஹெர்2 ஏற்பிக்குரிய மரபணுவை, கலிபோர்னியாவின் ஜெனன்டெக் நிறுவனத்தில் ஆக்செல் உல்ரிச் குழு 1985இல் பிரித்தெடுத்தது. மரபணு கையிலிருந்தும் அதற்குரிய நோய் எதுவெனத் தெரியாதிருந்த உல்ரிச், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் ஆற்றிய உரையைக் கேட்ட புற்றுநோய் மருத்துவர் டென்னிஸ் ஸ்லாமன், தாம் உறைநிலையில் சேமித்து வைத்திருந்த கட்டித் திசுக்களில் அதைத் தேடிப் பார்க்க முன்வந்தார். பல ஆண்டுகளாகப் பயன்பாடு தெளிவாகாமலே சேர்க்கப்பட்ட அத்திசுக்களே இவ்வரலாற்றின் திருப்புமுனை எனலாம். 189 மார்பகக் கட்டிகளை ஆராய்ந்த 1987ஆம் ஆண்டுக் கட்டுரை, ஏறத்தாழ 30 விழுக்காட்டில் அம்மரபணு பன்மடங்காகியிருப்பதையும், அத்தகையோர்க்கு நோய் விரைந்து திரும்புவதையும் காட்டியது. முடிவை ஐயுற்றோரும் இருந்தனர். இன்று அவ்விகிதம் 15 முதல் 20 விழுக்காடு வரை எனக் கொள்ளப்படுகிறது.

ஏற்பியைத் தடுத்த 4டி5 என்ற சுண்டெலி எதிர்ப்பொருளை மனித உடல் அயற்பொருளாகக் கருதி எதிர்க்கும் என்பதால், பற்றும் பகுதியை மட்டும் சுண்டெலியிலிருந்து நிறுத்திக்கொண்டு ஏனையவற்றை மனிதப் புரதமாக்கிய வடிவமான டிராஸ்டுசுமாப்பை, ஜெனன்டெக்கின் பால் கார்ட்டர் குழு 1992இல் வெளியிட்டது. நோய் பரவிய 469 பெண்களிடம் நடந்த ஆய்வில், வேதிமருந்து மட்டும் பெற்றோரில் 33 விழுக்காட்டினரும், இதையும் சேர்த்துப் பெற்றோரில் 22 விழுக்காட்டினரும் ஓராண்டுக்குள் இறந்தனர்; ஆனால் ஆந்த்ராசைக்ளின் வகை மருந்துடன் சேர்த்தபோது இதயத் தளர்ச்சி மிகுந்தது. அமெரிக்க அரசு 1998 செப்டம்பரில் இம்மருந்துக்கும், தக்க நோயாளரைத் தெரிந்தெடுக்கும் திசுச் சோதனைக்கும் ஒருங்கே அனுமதி வழங்கியது.

கண்டுபிடிப்பின் பெருமை பெரிதும் ஸ்லாமனுக்கே தரப்படினும், எதிர்ப்பொருளால் நியூ ஏற்பியை அடக்கலாம் என்பதை 1985இலேயே மார்க் கிரீன் குழு காட்டியதை முன்னிறுத்துவோரும் உளர். மருந்து செயற்படுவது சமிக்ஞையைத் தடுத்தா, உடலின் தற்காப்புச் செல்களை வரவழைத்தா என்பதிலும், ஓராண்டுச் சிகிச்சையை ஆறு மாதமாகக் குறைக்கலாமா என்பதிலும் கருத்து ஒருமிக்கவில்லை.

தொடக்கநிலை நோயிலும் இது பயன்தருவதை 2005இல் வெளியான ஆய்வுகள் உறுதிசெய்தன. ஹெர்2வையே குறிவைக்கும் மற்றோர் எதிர்ப்பொருளான பெர்ட்டுசுமாப் 2012இலும், டிராஸ்டுசுமாப்போடு நச்சுமருந்தைப் பிணைத்த மருந்து 2013இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. இந்தியாவில் டிராஸ்டுசுமாப்பை ஒத்த பயோகான் நிறுவனத்தின் மருந்து 2014இல் விற்பனைக்கு வந்தது. 2015இல் உலக சுகாதார நிறுவனம் டிராஸ்டுசுமாப்பை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.