இலங்கையில் வைத்தியர் பற்றாக்குறையும் அரசின் திட்டங்களும் – ஒரு வரலாற்று நோக்கு

வைத்தியர் பற்றாக்குறை என்னும் பிரச்சினையை அரசுகள் பெரும்பாலும் ஓர் எண்ணிக்கைப் பிரச்சினையாகவே கருதி வந்துள்ளன. இத்தனை மக்களுக்கு ஒரு வைத்தியர் வேண்டும். இன்று இத்தனை பேரே உளர். ஆகவே மேலும் இத்தனை பேரைப் பயிற்ற வேண்டும் என்பதே அவற்றின் கணக்காகும். இக்கணக்கில் தவறில்லை. ஆயின் அது முழுமையானதன்று என்பதை இலங்கையின் கடந்த ஒன்றரை நூற்றாண்டுக்கால அனுபவம் உணர்த்துகின்றது. பயிற்றப்பட்டவர் எங்கே வாழ்வார், எவரிடையே பணிபுரிவார், அங்கு அவரை நிலைக்கச் செய்வது யாது என்னும் வினாக்களுக்கு விடை காணாத திட்டங்கள், பற்றாக்குறையை ஓரிடத்திலிருந்து பிறிதோரிடத்திற்கு மாற்றினவேயன்றித் தீர்த்தனவல்ல.

வன்னியும் கொழும்பு வைத்தியப் பள்ளியும்

பிரித்தானியர் ஆட்சியில் வைத்திய சேவை முதலில் படையினருக்கும் உத்தியோகத்தருக்கும் உரியதாகவே அமைந்திருந்தது. 1858இல் சிவில் வைத்தியத் திணைக்களம் தனியாக நிறுவப்பட்ட பின்னரும் கிராமப்புற மக்கள் பெரும்பாலும் நாட்டு வைத்தியரையே நம்பி வாழ்ந்தனர். 1860களில் வன்னிப் பிரதேசத்தின் குடித்தொகை அருகி வருவது அரசின் கவனத்தை ஈர்த்தது. ‘பறங்கி’ எனப் பொதுமக்கள் அழைத்த கொடிய புண்நோயும் காய்ச்சலும் அங்கு ஊர்களையே வெறுமையாக்கிக் கொண்டிருந்தன. இதனை ஆராயுமாறு பணிக்கப்பட்ட வைத்தியர் ஜேம்ஸ் லூஸ் சமர்ப்பித்த அறிக்கை, உள்நாட்டவரை வைத்தியத் துறையிற் பயிற்றுவதன் அவசியத்தை வெளிப்படுத்திற்று. அதன் பயனாகத் தேசாதிபதி சேர் ஹெர்க்கியூலிஸ் றொபின்சன் காலத்தில், 1870 யூன் 1ஆம் திகதி, 25 மாணவருடன் கொழும்பு வைத்தியப் பள்ளி தொடங்கப்பட்டது. லூஸ் அவர்களே அதன் முதல் அதிபரானார்.

வன்னிக் கிராமங்களின் அழிவே இந்நிறுவனத்தின் தோற்றத்துக்குக் காரணமாயிற்று என்பது மனங்கொள்ளத்தக்கது. ஆயின் நிறுவனம் வளர்ந்த திசை வேறாயிற்று. 1880இல் அது கல்லூரியாகத் தரமுயர்த்தப்பட்டது. 1888இல் பிரித்தானியப் பொது வைத்திய சபை அதன் பட்டயத்தை அங்கீகரித்தது. கல்வித்தரத்தின் அடிப்படையில் இது பெருமைக்குரிய முன்னேற்றமே. எனினும் அன்று முதல் இலங்கை வைத்தியரின் தகுதியை அளவிடும் கோல் இலண்டனில் இருந்தது. அங்கு செல்லும் வழியும் அவருக்குத் திறக்கப்பட்டது. மறுபுறத்தில், பெருந்தோட்டப் பகுதிகளுக்கு 1872ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் கட்டளைச்சட்டம் தனி ஏற்பாடொன்றைச் செய்தது. தோட்டத் தொழிலாளரின் உழைப்பு ஏற்றுமதிப் பொருளாதாரத்துக்கு இன்றியமையாததாக இருந்தமையே இதற்குக் காரணமெனலாம். அத்தகைய பொருளாதாரப் பயன் எதனையும் வழங்காத வன்னி, திட்டத்தின் தொடக்கமாக இருந்தும் அதன் பயனைப் பெறுவதில் இறுதியாகவே நின்றது.

மானிப்பாயிற் கண்ட மாற்றுவழி

கொழும்புப் பள்ளிக்கு முன்னரே யாழ்ப்பாணத்தில் வேறொரு முயற்சி நடைபெற்றது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மறு ஆண்டில் மாணவர் சிலரை வைத்தியத்திற் பயிற்றத் தொடங்கினார். முதலில் ஆங்கிலமே போதனாமொழியாக இருந்தது. ஆங்கிலங் கற்றவர் அரசாங்க உத்தியோகத்தை நாடி வெளியூர் செல்வதையும், கிராமங்கள் முன்போலவே வைத்தியரின்றி இருப்பதையும் அவர் கண்டார். எனவே 1864 முதல் தமிழிலேயே கற்பிக்கலானார். அதற்கென மேனாட்டு வைத்திய நூல்கள் மொழிபெயர்க்கப்பட்டன, கலைச்சொற்கள் ஆக்கப்பட்டன. 1872இல் வெளிவந்த ‘மனுஷ அங்காதிபாதம்’ அவற்றுள் ஒன்றாகும்.

கிறீனின் பணி தமிழ் அறிவியல் வளர்ச்சியின் ஒரு கட்டமாகவே பெரும்பாலும் போற்றப்படுகின்றது. ஆளணித் திட்டம் என்ற வகையில் அதற்குள்ள முக்கியத்துவம் போதியளவு உணரப்பட்டதாகத் தெரியவில்லை. மொழியைத் தெரிந்தெடுத்தபோது வைத்தியர் வாழவேண்டிய இடத்தையும் அவர் தெரிந்தெடுத்தார். தமிழிற் கற்றவர் தம் ஊரவரிடையே தொழில் செய்து வாழ்வார் என்பதே அவரது எதிர்பார்ப்பு. ஆயினும் இது ஒரு மிஷனின் முயற்சியாகவே நின்றுவிட்டது. 1873இல் அவர் நாடு திரும்பிய பின்னர், ஆங்கிலப் பட்டயமும் அரச பதவியும் கொண்டிருந்த கவர்ச்சியின் முன் அது நிலைத்து நிற்க இயலவில்லை.

அப்போதிக்கரியும் மருத்துவமாதும்

பட்டயம் பெற்ற வைத்தியர் செல்லாத இடங்களை நிரப்பியவர் இருவர். ஒருவர், குறுகிய காலப் பயிற்சி பெற்ற அப்போதிக்கரி. பிற்காலத்தில் இவர் உதவி வைத்தியர் எனப் பெயர் பெற்றார். கிராமப்புற மருந்தகங்களைத் தனியாகவே நடத்திய இவர், திணைக்களத்தின் ஏட்டில் இரண்டாந்தர ஊழியர். கிராமத்தவருக்கோ இவரே டாக்குத்தர். மற்றவர் மருத்துவமாது. 1926இல் களுத்துறையில் உறொக்பெல்லர் நிதியத்தின் உதவியுடன் தொடங்கப்பட்ட சுகாதாரப் பகுதி, சுகாதார வைத்திய அதிகாரி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், மருத்துவமாது ஆகியோரை ஒரு குறிப்பிட்ட பிரதேசத்துக்குப் பொறுப்பாக்கியது. நோயாளி வைத்தியசாலையைத் தேடி வரும்வரை காத்திராது, ஊழியர் வீடுகளைத் தேடிச் செல்லும் முறை இதனால் உருவாயிற்று.

1934–35ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோய் இத்தகைய அமைப்பின் தேவையைக் கொடூரமாக எடுத்துக்காட்டியது. கேகாலை, குருநாகல் முதலிய மாவட்டங்கள் பெரிதும் பாதிக்கப்பட்டன. ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்க முதலியோருடன் சூரியமல் இயக்கத் தொண்டர்கள் கிராமங்களுக்குச் சென்று உதவவேண்டிய நிலை ஏற்பட்டது. சர்வசன வாக்குரிமையின் கீழ் 1931இல் தெரிவான அரசாங்க சபையினர், தம் வாக்காளரின் அவலத்தைப் புறக்கணித்தல் இயலாதாயிற்று. இதன்பின் கிராமப்புற வைத்தியசாலைகளும் மருந்தகங்களும் விரைந்து பெருகின.

இவ்விரிவாக்கத்தின் விளைவைத் தாய்மரண வீதத்திற் காணலாம். 1930களின் நடுப்பகுதியில் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தனர். 1950களின் தொடக்கத்தில் இத்தொகை ஏறத்தாழ 500 ஆகக் குறைந்தது; இன்றைய நூற்றாண்டில் 50க்கும் கீழ் இறங்கியது. மலேரியாக் கட்டுப்பாடு, இலவசக் கல்வி, கட்டணமற்ற வைத்திய சேவை ஆகியனவும் இதற்குக் காரணங்களாகும். ஆயினும் தான் பணிபுரியும் பகுதியிலேயே வாழ்ந்து, கருவுற்ற பெண்களைப் பெயர் பெயராக அறிந்திருந்த மருத்துவமாதின் பங்கினை எவரும் மறுப்பதற்கில்லை.

சட்டமும் புலப்பெயர்வும்

சுதந்திரத்தின் பின்னர் அரசு மீண்டும் எண்ணிக்கையிலேயே நாட்டஞ் செலுத்தியது. பேராதனையில் 1962இலும் யாழ்ப்பாணத்தில் 1978இலும் வைத்திய பீடங்கள் தோன்றின. பின்னர் தெற்கிலும் கிழக்கிலும் பிற இடங்களிலும் பல எழுந்தன. பட்டதாரிகளை நாட்டில் நிறுத்தும் பொருட்டு 1961இல் கட்டாய அரசசேவைச் சட்டம் இயற்றப்பட்டது. எனினும் வைத்தியர் வெளியேறுவது நிற்கவில்லை. கல்வித் தகைமையுடையோர் நாட்டைவிட்டு வெளியேறுவதை ஆராய அமைச்சரவைக் குழுவொன்றை நியமிக்கும் அளவுக்கு நிலைமை முற்றியது. அதன் அறிக்கை 1974இல் வெளியாயிற்று. இதே காலப்பகுதியில், 1971இல் நடைமுறைக்கு வந்த தரப்படுத்தல், வைத்திய பீட அனுமதியைக் கசப்பான இனப்பிரச்சினையாக்கியது. எவர் உள்ளே நுழைவது என்பது பற்றி நாடு முழுவதும் வாதிட்டது. நுழைந்தவர் எங்கே சென்று பணிபுரிவார் என்பது அந்த அளவுக்கு விவாதிக்கப்படவில்லை.

1983இன் பின்னர் தமிழ் வைத்தியர் பெருந்தொகையினர் புலம்பெயர்ந்தனர். போர்க்காலத்தில் வடக்கிலும் கிழக்கிலும் தூரத்து வைத்தியசாலைகள் பலவற்றை இயங்கச் செய்தோருள் உதவி வைத்தியர் முக்கியமானவர். லூஸ் காலத்தில் அழிந்துகொண்டிருந்த அதே வன்னியில், ஒரு நூற்றாண்டின் பின் பட்டதாரிகளைவிட இவர்களையே மக்கள் பெரிதும் நம்ப வேண்டியிருந்தது. அத்தகைய ஊழியரைப் பயிற்றும் முறையோ அந்நூற்றாண்டு முடிவதற்கு முன்னரே கைவிடப்பட்டது.

இம்முடிவைத் தொழிற்சங்கங்களின் சுயநலம் என்று மட்டும் ஒதுக்கிவிடுதல் நீதியாகாது. நகரத்தவருக்குப் பட்டதாரி, கிராமத்தவருக்கு அரைகுறைப் பயிற்சி பெற்றவர் என்னும் பாகுபாடு சமத்துவத்துக்கு முரணானது என்னும் வாதம் வலிமையுடையதே. ஆனால் அவ்வாதத்தை ஏற்பவர், அகற்றப்பட்டவரின் இடத்திற்குப் பட்டதாரியை அனுப்பி அங்கு நிலைக்கச் செய்யும் பொறுப்பையும் ஏற்றல் வேண்டும். மக்கள் பெற்றது முழுத்தகுதியுடைய வைத்தியராயின் அது முன்னேற்றம். பூட்டிய மருந்தகமாயின் அது சமத்துவமாகாது.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி இப்பிரச்சினையை மீண்டும் வெளிக்கொணர்ந்தது. வாழ்க்கைச் செலவு உயர, ஊதியத்தின் பெறுமதி வீழ, நூற்றுக்கணக்கான வைத்தியர் நாட்டை விட்டகன்றனர். தாதியரும் அவ்வழியே சென்றனர். தூரத்து மாவட்டங்களின் வைத்தியசாலைகளே முதலிற் பாதிக்கப்பட்டன. 150 ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய திட்டத்தின் உள்ளார்ந்த குறைபாடு அழியாதிருப்பதையே இது காட்டுகின்றது.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓருண்மை புலனாகும். ஊழியரை ஓரிடத்தோடு பிணைத்த ஏற்பாடுகளே – கிறீனின் தமிழ் வகுப்பு, கிராம மருந்தகம், களுத்துறைச் சுகாதாரப் பகுதி – தத்தம் எல்லைக்குட் பயன் விளைத்தன. அவற்றின் ஊழியர் பதவியுயர்விலும் ஊதியத்திலும் மதிப்பிலும் கீழ்நிலையிலேயே வைக்கப்பட்டிருந்தனர். அதனால் அவ்வேற்பாடுகள் சில அழிந்தன, சில நலிந்தன. கட்டாயச் சட்டம் ஒருவரைச் சில ஆண்டுகள் நிறுத்தலாம். வாழச் செய்தல் அரிது. இருப்பிடம், பிள்ளைகளுக்கான பாடசாலை, தொடர்கல்வி, பதவியுயர்வு ஆகியன வவுனியாவிலும் மொனராகலையிலும் கிடைக்காதவரை, கொழும்பிலிருந்து வரும் நியமனக் கடிதம் தற்காலிகமானதாகவே இருக்கும். எதிர்காலத் திட்டங்கள் வைத்திய பீடத்தின் வாயிலில் தொடங்காது, வைத்தியர் இல்லாத ஊரிலிருந்து தொடங்குதல் வேண்டும். 1870இல் அவ்வாறு தொடங்கிய பயணம் எங்கே வழிமாறிற்று என்பதை அறிவது, அதற்குரிய முதற்படியாகும்.